இருபத்தொரு நாள்

இரவு எட்டிலிருந்து விடிகாலை ஐந்துவரை
நான் ஓஹையோவில் இருக்கிறேன்.
உடம்பு மட்டும் சின்னப்பாலத்தில்.
கரண்ட் போனால்தான் அது நினைவுக்கு வரும்.

ஆஸ்பத்திரி கேட்ட பணத்தை
இன்சூரன்ஸ் ஏன் தரவில்லை என்று
போனில் கேட்பது என் வேலை.
நாற்பது நிமிடம் பியானோ வாசிப்பார்கள்.
பிறகு ஒருத்தி வந்து
காரணம் ஐம்பது என்பாள்.
ஐம்பது என்றால், மருத்துவத் தேவை இல்லை.
நன்றி சொல்லி வைத்துவிடுவேன்.
சம்பளத்தில் நன்றியும் சேர்த்தி.

போன சனிக்கிழமை காலை
பாசி எடுக்கும் பெண்கள் நாற்பத்துமூன்று பேர்
வலைக்கொட்டகையில் கூடினார்கள்.
தலைக்கு வாரம் இருபது ரூபாய்.
திருக்கை முள் ஏறினால், காது சீழ் வைத்தால்,
மூச்சு முட்டி யாரையாவது கரைக்கு இழுத்து வந்தால்
அதிலிருந்து எடுப்பது.
அரசாங்க அட்டை எல்லோரிடமும் இருக்கிறது
பிளாஸ்டிக் உறைக்குள், உப்புப் படாமல்.
கட்டிலில் படுத்தால்தான் அது வாய் திறக்கும்.
காதுவலிக்கு யார் கட்டில் தருவார்?

"நீதான இன்சூரன்ஸ்காரி, சட்டம் எழுது"
நோட்டை என் மடியில் போட்டாள் அமலோற்பவம்.

கை தானாக எழுதியது:
ஒன்று, காத்திருப்புக் காலம் மூன்று மாதம்.
இரண்டு, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிடையாது.

வாசித்தபோது நம்புராணி
நல்ல காதை என் பக்கம் திருப்பினாள்.
"திரும்பச் சொல்லு."
சொன்னேன்.
"கடலுக்குள்ள முங்குறவளுக்கு
ஏற்கெனவே இல்லாத நோவு என்னடி இருக்கு?"

"ஒனக்குக் குடுத்தா மார்கழிக்குள்ள பெட்டி காலி"
ஞானசெல்வம் சொன்னதும் பொய்யில்லை.
அவள் வீட்டில் நோயாளி யாருமில்லை,
மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில்.
ரெண்டு பேரும் ஒரே வல்லத்தில் போகிறவர்கள்.
இறங்கும்போது ஒருத்தி கயிற்றை
மற்றவள்தான் பிடிப்பாள்.

இதற்கிடையில் ஏஜென்ட் தவசி ஆள் அனுப்பியிருந்தான்.
'ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கிறேன்.
கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடக் கேக்காதீங்க.
பாசி என் தராசுக்கு மட்டும்.'

பாதிப் பேருக்கு அது நல்லதாகப் பட்டது.

எனக்கு மதுரையில் பயிற்சியின் இரண்டாம் நாள்,
ஏசி அறையில், எல்லோரும் தூங்கிவழிந்தபோது
சுவரில் ஓடிய படம் ஞாபகம் வந்தது.
டல்லாஸ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது.
பள்ளி வாத்திச்சிமார்
மாதம் அரை டாலர் போட்டார்கள்.
படுத்தால் இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரி.
அவ்வளவுதான் தொடக்கம்.
பிறகு பெரிய போர்.
கூலியை ஏற்றாதே என்றது அரசாங்கம்.
ஆள் பிடிக்க வேண்டிய முதலாளிகள்
கூலிக்குப் பதில் அட்டையை நீட்டினார்கள்.
வேலை போனால் அட்டையும் போகும் என்பதை
யாரும் பெரிய எழுத்தில் எழுதவில்லை.

"தவசி அந்தப் படம் பாத்துருக்கான்" என்றாள் ஒருத்தி.
கொட்டகை சிரித்தது.
"அந்த வாத்திச்சிமாரு பஞ்சாயத்து தீந்துச்சா?"
"இல்ல. அதிபர் மாறுனா சட்டத்தையும் மாத்தப் பாப்பாங்க.
கோர்ட்டுக்குப் போகும், வரும்."
"இத்தன வருசமாவா?"
"தொண்ணூறுக்கு மேல."
"நமக்கு வத்தம் பத்தரைக்கு"
அமலோற்பவம் எழுந்துவிட்டாள்.

விரல்களில் துணி சுற்றிக்கொண்டார்கள்.
கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைத்தார்கள்.
தவசிக்கு என்ன பதில் என்று யாரும் சொல்லவில்லை.
நம்புராணி ஈர நோட்டு ஒன்றை, இருபது ரூபாய்,
என் மடியில் வைத்தாள்.
வரவு வைப்பாயா என்று கேட்கவில்லை.

இரவு. ஒரு மெக்கானிக், ஐம்பத்தெட்டு வயது,
முழங்கால்.
நாற்பத்துமூன்று பெயரும் எழுதிவிட்டேன்.
இரண்டாம் விதியின் மேல் பென்சில் நிற்கிறது,
அடிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.
மவுசுக்குக் கீழே அந்த நோட்டு
இன்னும் காயவில்லை.

பியானோ நின்றது.
காரணம் ஐம்பது என்றாள்.
நன்றி என்று வாய் போனது.
"யார் முடிவு பண்ணியது?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்.
ஒரு நிமிடம் இருங்கள் என்றாள்.

மறுபடி பியானோ.