புகாரின் மேல்விளிம்பு

காலை ஐந்தரைக்கு வானொலி சொல்கிறது:
புகாரின் மேல்விளிம்பு இன்று தொள்ளாயிரம் மீட்டர்.
சோலோதூர்ன் நானூற்று முப்பதில் கிடக்கிறது.
உருளைக்கிழங்குச் சாக்கை அவிழ்த்தபடி
மிச்சக் கணக்கை நான் போடுகிறேன்.
வெயிலுக்கு இன்னும் நானூற்று எழுபது மீட்டர்,
செங்குத்தாக.

சமையலறை நிலத்துக்குக் கீழே.
குழல்விளக்குக்குக் காலை மாலை தெரியாது.
பதினேழு வருடமாக
ஞாயிற்றுக்கிழமைதான் ஆகக் கூடின தட்டுகள்.
ஆக, ஞாயிறும் எனக்கில்லை,
ஞாயிறும் எனக்கில்லை.

டொக்டர் எஷ்லிமான் கடதாசியைத் திருப்பி
என் பக்கம் வைத்தார்.
மூன்று இலக்கங்களின் கீழ் பேனைக்கோடு.
மூன்று மாதச் சீனியின் சராசரி, எட்டுக்குக் கொஞ்சம் குறைய.
நிறை நூற்றியொன்று.
விற்றமின் டி பத்தொன்பது.
ஐம்பதாவது இருக்கவேணும் என்றார்,
பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையிடம்
பேசுகிற குரலில்.

இந்த விற்றமின் கொழுப்பில் கரைவது,
உங்களில் கொழுப்பு கூட.
உள்ளே போவது அங்கேயே ஒதுங்கிவிடும்,
இரத்தத்துக்கு வருவது கொஞ்சம்தான்.

எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரும்
இதையேதான் சொன்னார்,
உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு என்று.
அப்போது என் நிறை முப்பத்தெட்டு.

வாயைக் கட்டாதவன்
வயிற்றில் சூரியனைக் கட்டிவைத்திருக்கிறேன்,
வட்டிக்கும் விடாத கஞ்சனைப்போல.

அப்ப இது குறைந்ததால்தான் சீனி வந்ததோ?
என் ஜெர்மனுக்கு எட்டியது அவ்வளவுதான்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
மூன்றும் சேர்ந்துதான் திரிகின்றன,
ஆர் ஆரைக் கூட்டிவந்தது என்று
அறுதியாகச் சொல்ல ஏலாது.
துளிமருந்து எலும்புக்கு நல்லது.
சீனியை இறக்கும் என்று வாக்குத் தரமாட்டேன்.
நடவுங்கள்.
சோற்றைக் குறையுங்கள்.

வீட்டில் யோகமலரின் கடதாசியும் வந்திருந்தது.
ஆஸ்பத்திரிச் சலவை அறை,
அதுவும் நிலத்துக்குக் கீழே.
அவளுக்குப் பதினாறு. என்னிலும் மூன்று குறைவு.
ஐம்பத்திரண்டு கிலோ. சீனி கிடையாது.
இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து
சாதகப் பொருத்தம் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.
டொக்டரின் கோட்டை எந்த இடத்தில் கீறுவது
என்று எங்களுக்கும் பிடிபடவில்லை.
பொருந்தியது ஒன்றுதான்,
வெயில் காணாத இரண்டு தோல்கள்.

ஞாயிறு தோறும் கரண்டியில் துளிகள்.
எண்ணெய். ருசி ஒன்றுமில்லை.
மறக்காமலிருக்க அந்தக் கிழமையைத் தெரிந்தவர் டொக்டர்தான்;
அவருக்குத் தமிழ் தெரியாது.

தை மாதச் செவ்வாய், எனக்கு லீவு.
ஒபர்டோர்ஃபில் தொங்குபெட்டி ஏறினேன்.
எல்லாக் கண்ணாடியிலும் நீர்விட்ட பால்.
கம்பி இழுக்கிற சத்தம் மட்டும்.
பிறகு, ஒரு சொல்லும் சொல்லாமல்,
வெளிச்சம் முகத்தில் அடித்தது.
நான் கையால் மறைத்தேன்,
கடன்காரனைக் கண்டவன்போல.

கீழே வெள்ளையாய் ஒரு கடல்.
அதற்குள் நகரம், ஆறு, என் தட்டுகள்,
யோகமலரின் நீராவி.

தை வெயில் சரிந்த வெயில்,
தோலில் அதனால் ஒன்றும் விளையாது
என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார்.
பங்குனி கழியவேணும். கறுத்த தோலுக்கு
இன்னும் கூட நேரம் வேணும்.
தெரிந்துகொண்டுதான் ஜாக்கெட்டைக் கழற்றினேன்,
கம்பளிக் கையை முழங்கைக்கு மேலே உருட்டினேன்.
சறுக்குப் பலகையோடு ஒரு பெடியன்
குளிரவில்லையா என்றான்.
குளிருது என்றேன்.

தேநீர் இடைவேளையில் அவள் போன் எடுத்தாள்.
என்ன தெரியுது?
எல்லாம் தெரியுது, உன்னைத்தான் தெரியேல்லை.
சாப்பிட்டீங்களோ?
சூப், என்றேன்.
கடதாசிப் பையில் பாதி நுஸ்கிப்ஃபெல் இருந்தது.
மற்றப் பாதியைப் பற்றி அவள் கேட்கவில்லை.

இறங்கும்போது பெட்டியில் ஏறவில்லை.
உறைபனி நொறுங்க நொறுங்க
பாதையோரம் பிடித்து நடந்தேன்.
தொள்ளாயிரத்தில், வானொலி சொன்ன இடத்தில்,
முழங்கால் முதலில் புகாருக்குள் போனது.
பிறகு தொந்தி,
அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
பிறகு தலை.