போணி

கனெக்டிகட் கரையில்
முப்பத்தோரு வருடம் மீன் விற்றவன் நான்.
காலையில் முதலில் வருபவர்
கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவேன்.
போணி ஆகாத கடையில்
ஈதான் வியாபாரம் பார்க்கும்.

நகராட்சிப் பையன் வந்ததும்
அப்படியொரு காலையில்தான்.
ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தான்,
நான் யாரிடமும் அதைக் கேட்டதில்லை.
ஆற்றுமுகத்தில் ஓட்டல், மருந்துக் கம்பெனி,
ஆயிரத்து இருநூறு வேலை என்றான்.
வரைபடத்தில் எங்கள் ஆல்டர் தெரு
வெளிர்பச்சையாக இருந்தது.
நடைபாதையாம்.

ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் டாலர்.
முப்பத்தொன்று என்றேன்.
சரி என்றான்.

அன்றிரவு ஃபிர்மினாவிடம்
இரண்டாயிரம் ஏற்றிவிட்டேன் என்று சிரித்தேன்.
ஒழுகும் இடத்துக்கு வாளியை நகர்த்திக்கொண்டிருந்தவள்
நிமிராமல் கேட்டாள்:
"உடனேயா சரி என்றான்?"

பதினோரு மாதம் கழித்து நீதிமன்றம்.
எதிர்வீட்டு வில்ஹெல்மினா ஸ்ப்ரேக்,
மூலைவீட்டு கச்சாதூரியான் சகோதரர்கள்,
விற்கமாட்டோம் என்ற இன்னும் நான்கு பேர்
ஒரே பெஞ்சில், கோட்டைக் கழற்றாமல்.
எனக்கு எந்தப் பெஞ்ச் என்று தெரியவில்லை.
சுவரோரம் நின்றேன்.

நகராட்சி வக்கீல் படித்தார்:
மனை எண் பதினான்கு.
அடெலினோ ஃபுர்ட்டாடோ.
ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம்.
மனமொப்பி விற்றது.
ஆகவே, இந்தத் தெருவில் நியாய விலை என்பது

அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை.
தராசின் ஒரு தட்டில்
வீடு வீடாக எடுத்து வைத்தார்கள்.
மறுதட்டில்
எடைக்கல்லாக நான்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

பொதுப்பயன் என்றது தீர்ப்பு,
மூன்றுக்கு இரண்டு.
அந்தக் கோடையிலேயே இடித்தார்கள்.
அடுத்த கோடையில்
மருந்துக் கம்பெனி வேறு மாநிலம் போயிற்று.
ஓட்டலும் வரவில்லை.
இடுப்பளவு புல்.
நடைபாதைகூடப் போடவில்லை.

மனை பதினான்குக்கு இன்னும்
தண்ணீர் பில் வருகிறது.
குழாய் இல்லை, சுவர் இல்லை,
குறைந்தபட்சக் கட்டணம்
பதினெட்டு டாலர் நாற்பது சென்ட்.
ஒரு போன் செய்தால் நிறுத்திவிடுவார்கள்.
நான் கட்டிவருகிறேன்.
ஃபிர்மினாவுக்குத் தெரியாது.

போன வாரம் மருந்துக்கடை வரிசையில்
எனக்கு முன்னால் வில்ஹெல்மினா.
எட்டு வருடம் பேசாதவள்
திரும்பி என்னை அளந்து பார்த்தாள்.

"உன் கடைக்கு என்றுமே மதியம்தான் வருவேன்.
ஒரு சென்ட் குறைத்ததில்லை நீ."

ஆமாம் என்றேன்.

"காலையில் வந்திருக்க வேண்டும்" என்று
மருந்தை வாங்கிக்கொண்டு போனாள்.