பின்புறம் இல்லாத ஆறுமுகம்

சென்ட்ரல் ஃப்ளாக் தாண்டி
போன் அக்கேய் போகும் சாலை.
இருபக்கமும் ஆளை விழுங்கும் கரும்பு.
தூரத்தில் தேர் ஒன்று வருகிறது என்றுதான் நினைத்தேன்.
தேர் மணி அடித்தது,
சைக்கிள் மணி.

சக்கரக் கம்பிகளில் பச்சை சுற்றுகிறது.
ஹேண்டில்பாரில் ஊதா.
செயின் கவரில் நின்று நின்று சிமிட்டும் மஞ்சள்.
'மருந்துக்கடை நகர்ந்து வருகிறது' என்றான்
ஜீப்பில் என்னோடு இருந்த ஜான்-நோயல்.

நிறுத்தினேன்.
அட்டையை நீட்டினான். 'அர்மூகம்.'
காதில் விழுந்ததைக் கப்பலடியில் எழுதிக்கொண்ட
எவனோ ஒரு குமாஸ்தாவின் கைவேலை.
ஆறுமுகம் என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன்.

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு.
விதி அவ்வளவுதான்,
குழந்தைகூட ஒப்பித்துவிடும்.
பல்புகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு.
பிறகு பின்பக்கம் போனேன்.

இருட்டு.

கேரியரில் தால்பூரிப் பெட்டி,
பெட்டிமேல் ஈரத்துணி,
துணிக்கடியில் எங்கோ
கடையில் வாங்கும்போதே இருந்த சிவப்புக் கண்ணாடி.

'ஆறு முகம் வைத்திருக்கிறாய்,
முதுகுப் பக்கம் ஒன்றுகூடவா இல்லை?'
அவன் சிரிக்கவில்லை.
'வாங்குகிறவன் எதிரில்தான் வருவான், மிஸ்யே.
பின்னால் வருகிறவன் எதையும் வாங்குவதில்லை.'

அப்போதுதான் அந்தக் கரும்பு லாரி.
ஒரு வண்டி, அதன் வாலில் இன்னொரு வண்டி,
தாரைத் தேய்த்துக்கொண்டே வரும் தோகைகள்.
மூன்று பேரும் கரும்புக்குள் சாய்ந்தோம்.
துணி பறந்து வேலியில் மாட்டியது.
போன பிறகு
கொஞ்ச நேரம்
பச்சை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் துணியை எடுத்து உதறினான். கை நடுங்கியது.
எனக்கும்தான்,
ஆனால் என்னிடம் பேனா இருந்தது.

படிவத்தில் 'விளக்கின் நிறம்' அரைவிரல் கட்டம்.
பச்சை, ஊதா என்று தொடங்கி, அடித்துவிட்டு,
'பல' என்று எழுதினேன்.
'பின்புறம்': இல்லை.
'ஒரு சனிக்கிழமை போச்சு' என்றான் கையெழுத்துப் போட்டபடி.
நான் பதில் சொல்லவில்லை. தொகை நான் வைத்ததல்ல.

அதற்குப் பிறகு அவனைத் தனியாக விட
மனம் வரவில்லை.
ஜீப்பின் விளக்கைச் சுழலவிட்டு
நடைவேகத்தில் அவன் பின்னாலேயே போனோம்.
நாய்கள் குரைத்தன. ஒரு வீட்டில்
சாமி வருவதாக நினைத்துக் கதவைத் திறந்தார்கள்,
பிறகு இரண்டு தால்பூரி வாங்கினார்கள்.

சந்து வந்ததும்
கை காட்டாமல் சட்டென்று வலப்பக்கம் திரும்பினான்.
அதற்கும் ஒரு விதி இருக்கிறது.

புத்தகத்தை மூடிவிட்டிருந்தேன்.