இடது பொட்டு

மாசி வெயிலில் மின்னாம்பள்ளி சேகோக் களத்தைப்
பார்த்திருக்கிறீர்களா?
சிமெண்டுத் தரை முழுக்க ஜவ்வரிசி.
மணிக்கொரு சூரியன்.
எட்டு வருஷமாய் அதைப் பலகையால்
தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கண்ணோரம் ஒரு ரம்பம் மினுங்கும்.
எதிரே நிற்கும் பாவாயிக்கு
பாதி முகம் காணாமல் போகும்.
அரைமணி கழித்து
இடது பொட்டில் ஆணி இறங்கும்.
பிறகு குடோன் இருட்டு, புளித்த மாவு வாடை,
மூட்டைமேல் சுருண்டு கிடப்பேன்.
அரைநாள் கூலி போச்சு.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாத்திரை.
வந்தால் போட ஒன்று,
வராமலிருக்கத் தினம் ஒன்று.
இரண்டாவதில் தூக்கம் சொக்கி
களத்திலேயே விழுந்தேன்.

மாதையன் கிழங்கு லாரி ஓட்டுகிறவர்.
குப்பனூர் மலையடி ஓடையில் ஒடித்த நொச்சியை
கேபினிலிருந்து கட்டோடு வீசினார்:
"தம்பி பொண்டாட்டிக்குக் கேட்டுச்சு.
உனக்குக் கேட்டாலும் கேக்கும்."
வைத்தியம் அவ்வளவுதான்.

நிழலில் உலர்த்தி, காம்பு கிள்ளி,
பழைய பாவாடையில் அடைத்துத் தைத்தேன்.
முதல் ராத்திரி எறும்பு கடித்தது.
கசப்பு நெடி தாங்காமல்
வீட்டுக்காரர் பாயை வெளியே இழுத்துப்போனார்.

முதலாளி கொடுத்த காலண்டரில்
வலி வந்த நாளுக்கு ஒரு பொட்டு.
ஜனவரியில் ஆறு.
பிப்ரவரியில் நாலு.
மார்ச்சில் இதுவரை ஒன்று,
அதுவும் கோபிகா ஸ்கூல் பீஸ் கட்டின அன்றைக்கு.
கிழங்கு வரத்தும் குறைந்துவிட்டது,
களம் பாதி காலி.
வெள்ளை குறைந்ததாலா, நொச்சியாலா,
யாரைக் கேட்பது?

உள்ளே கோபிகா
பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கத்திப் படிக்கிறாள்:
"உழிஞை, கோட்டையை வளைத்தல்.
நொச்சி, கோட்டையைக் காத்தல்."
உழிஞைன்னா முடக்கத்தான்மா, என்கிறாள்.
நேற்றுத்தான் தோசைக்கு அரைத்தேன்.
வளைக்க வந்ததைத் தின்றுவிட்டு
காக்க வந்ததன்மேல் தலைவைத்துப் படுக்கிறேன்.
சிரிப்பு வந்தது.
சிரித்தால் பொட்டு தெறிக்குமோ என்று
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

வந்ததற்குப் பொட்டு வைக்கலாம்.
வராததற்கு என்ன வைப்பது?
கண்ணோரம் எது மினுங்கினாலும்
பலகை கையில் நின்றுவிடுகிறது.
இன்றைக்கு மினுங்கியது லாரியின் கண்ணாடி.

"என்ன, கேக்குதா?" என்று
இறங்காமலே கத்துகிறார் மாதையன்.
தெரியலை என்று சொல்ல வாயெடுத்து,

"பழசுல வாசம் போயிருச்சு,
வர்றப்ப இன்னொரு கட்டு ஒடிச்சிட்டு வாங்க"
என்றேன்.