காட்சி நாற்பத்தொன்று, பனி

கீரிப்பாறைக்கு மேலே இரண்டாம் பிளாக்கில்
படமெடுக்க வந்தவர்கள்
பதினொரு நாள் மூடுபனிக்குக் காத்திருந்தார்கள்.
நாங்கள் மஞ்சு என்போம்.
எந்தப் பேரில் கூப்பிட்டும் வரவில்லை.
கார்த்திகை வானம்
கழுவிக் கவிழ்த்த சிரட்டைபோலக் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள்
புகைப்புரை ராசாலத்துக்கு ஆள் போனது.
ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவர்,
எந்தக் காற்றுக்கு எவ்வளவு ஈர விறகென்று
மூக்காலேயே அளப்பவர்.
"எவ்வளவு வேணும்?" என்று கேட்டார்.
"ஒரு பெண் தன்னையே மறக்கிற அளவுக்கு"
என்றார் இயக்குநர்.
ராசாலம் கொஞ்சம் யோசித்து
"அப்போ நாலு சாக்கு கதம்பல்" என்றார்.

புகை கூடுகிற நேரத்தில்
இயக்குநர் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்:
பனி என்றால் சொல்லாமல் விட்டது.
கதை எழுதுகிறவர்கள் கொலையை அதில்தான் ஒளிக்கிறார்கள்,
முத்தத்தையும்.
செத்தவர் திரும்பி வர வேறு வழி கிடையாது.
எல்லை தெரியாத இடத்தில்
மனசு தன் எல்லையைத் தானே வரைந்துகொள்ளும்.

ஓட்டுப்பாலை உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.
எனக்குத் தெரிந்த மஞ்சு வேறு.
பட்டை நனைந்தால் பால் காடியை விட்டு வழியும்,
சிரட்டைக்கு வராது,
மண்ணில் விழுந்ததற்குக் கூலி இல்லை.
மஞ்சு என்றால் அரைநாள்.
மஞ்சு என்றால் ஆனை நிற்பது தெரியாது,
மணம் மட்டும் தெரியும்.
நெற்றி லைட்டைப் போட்டால்
வெளிச்சம் முன்னால் போகாது.
திரும்பி வந்து
போட்டவள் கண்ணிலேயே குத்தும்.

விடியாத நாலரை மணி.
நாயகி நாலாம் தடவையாக நடந்துகொண்டிருந்தாள்.
எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு மரம்.
யாருடைய துக்கத்துக்கும் காத்து நிற்க முடியாது.
ஏழாம் வரிசை வழியே வெட்டிக்கொண்டு போனேன்.
யாரும் கத்தவில்லை.

அடுத்த வருஷம் நாகர்கோவிலில் படம் வந்தது.
ராசாலம், ஓமனா, நான், ஒரே வரிசையில்.
திரையில் தன் புகை எழுந்ததும்
ராசாலம் பழக்கத்தில் இருமினார்.
நாயகிக்குப் பின்னால், வெகுதூரத்தில்,
மஞ்சளாய் ஒரு புள்ளி.
நகர்கிறது, நிற்கிறது,
குனிகிறது, நகர்கிறது.
"எட்டீ ரெஜிலா, இது நீயாக்கும்!"
ஓமனா கத்தியதில்
முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்து
உஷ் என்றது.

உதவி இயக்குநர் நவநீதன்
என் நம்பரை அழிக்காமல் வைத்திருந்தான்.
போனில் வாசித்துக் காட்டினான்.
அந்த வெளிச்சம் நாயகியின் இறந்த தாய் என்று ஒருவர்.
மனசாட்சி என்று இன்னொருவர்.
மூன்றாமவர் நாலு பக்கம் எழுதியிருந்தார்:
கதையில் எங்குமே வராத கடவுள்
மரத்துக்கு மரம் குனிந்து
தொலைத்த எதையோ தேடுகிறாராம்.
"சார் என்ன சொன்னாரு?"
"ஒண்ணும் சொல்லலைக்கா. சிரிச்சாரு."
நானும் யாரையும் திருத்தப் போகவில்லை.
கடவுளுக்கு அன்றைக்குப்
பதினோரு கிலோ பால் கிடைத்தது என்று
வேண்டுமானால் சொல்லியிருக்கலாம்.
எடை போட்ட சீட்டு இருக்கிறது.

இந்த மார்கழியில் நிஜமாகவே இறங்கிவிட்டது,
கதம்பல் வாசம் இல்லாமல்.
பக்கத்து மரம் இல்லை, என் கால் இல்லை.
ஓமனா மகளின் பேறுகாலத்துக்கு
குலசேகரம் போயிருக்கிறாள்.
பிளாக்கில் நான் மட்டும்.
நூற்று நாற்பதாவது மரத்தில் நிமிர்ந்தபோது
ஏழாம் வரிசையில் ஒரு வெளிச்சம்.
நின்றது. குனிந்தது.
என் லைட்டுதான், மஞ்சு திருப்பி அனுப்புகிறது
என்று நெற்றிக்குக் கை போனது.
அணைத்தேன்.
அதுவும் அணைந்தது,
கொஞ்சம் தாமதித்து.

"ஆருடே அது?" என்று கேட்கத் தோன்றியது.
கேட்கவில்லை.
இருட்டிலேயே பட்டையைத் தடவிப் பார்த்தேன்.
நனைந்திருந்தது.
இன்றைக்கு அரைநாள்தான்.