நான்கு விநாடி

மினியாபொலிஸ், பதினேழாம் மாடி. வெளியே பனி.
மருந்து ஏற்றும் பம்ப் செய்கிற கம்பெனிக்கு
வக்கீல்கள் நாங்கள்.
எதிர்த்தரப்பு ஒரே ஆள்:
சிக்ஸ்டன் ஹால்க்விஸ்ட், டுலூத்,
சரக்குக் கப்பல்களில் ரேடார் பழுதுபார்ப்பவர்.

அவர் எழுதிய நிரலை யாரும் எடுக்கலாம்,
மாற்றலாம், விற்றுக் காசாக்கலாம்.
மாற்றியதைத் திறந்து வைக்க வேண்டும்,
பெயரை அழிக்கக் கூடாது.
அவ்வளவுதான் உரிமம்.

கேட்கும் நஷ்டஈடு: பூஜ்யம்.
எங்கள் படிவம் அதை ஏற்க மறுத்தது.
ஒரு டாலர் என்று போட்டுவிட்டு
அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

"முழுக்க எங்கள் பையன்கள் எழுதியது" என
பிரமாணப் பத்திரம் தந்திருக்கிறார் துணைத்தலைவர்.
சரிபார்ப்பது என் வேலை. நாற்பதாயிரம் பக்கம்.
பெயர் இல்லை, தேதி இல்லை;
துடைத்த கை சுத்தமாகத்தான் துடைத்திருக்கிறது.

இரவு பதினொன்றுக்கு,
பொத்தானுக்கான வரிகளின் நடுவே ஒரு குறிப்பு:
"நான்கு விநாடி பொறு. டாக்னிக்குக் கை நடுங்கும்."

யார் டாக்னி?
கம்பெனியின் சம்பளப் பட்டியலில் தேடினேன்.
பதினோராயிரம் பேர். டாக்னி இல்லை.

இந்நேரம் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
யாருடைய விரலோ தடுமாற
பொறுத்துக்கொண்டிருக்கும் பம்ப்.

"இரகசியம்" முத்திரை இடப்பக்கம்.
கோர்ட்டுக்குப் போகும் பெட்டி வலப்பக்கம்.
ஆறு நிமிடத்துக்கு ஒரு கட்டணம் எங்களுக்கு,
அதற்குக் கீழே எதற்கும் கட்டம் கிடையாது.

தாளைப் பிடித்தபடி நின்றேன்
ஒன்று, இரண்டு, மூன்று

பெட்டியின் மூடி சரியாகப் படியவில்லை.
டேப் ஒட்டினேன்.
அந்த நேரத்தை
யார் கணக்கிலும் எழுதவில்லை.