பரிசோதனைச் சீட்டு

கெய்ரோ. நான்காம் மாடி.
டயாலிசிஸ் இயந்திரம் முனகுகிறது.
சீட்டில் விரலை வைத்துக் கேட்கிறான் பக்கூம்:
"இந்த Na யார்?"

"சோடியம்," என்கிறாள் நர்ஸ் இன்ஸாஃப்.

"சோடியத்தில் நா ஏது?"

"நேட்ரியம். லத்தீன் பெயர்.
உங்கள் நத்ரூன்தான்,
ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது."

வாதி நத்ரூன் ஏரியில் இருபத்தோரு வருஷம்
வெள்ளைக் கட்டிகளை வெட்டி லாரி ஏற்றியவன்
சிரிக்கப் பார்க்கிறான். இருமல் முந்திக்கொள்கிறது.

"அப்போ K?"

"காலியம். செடி எரித்த சாம்பல்,
அல்-கலி. அதுவும் நம் சொல்."

ஆறு புள்ளி எட்டு.
சுற்றிலும் சிவப்பு வட்டம்.

"நம் சொல்லே கூடினாலுமா?"

பதில் இல்லை.
குழாயின் மடிப்பை நிமிர்த்துகிறாள்.
பிறகு, மகன் வைத்துவிட்டுப் போன
பேரீச்சம்பழப் பொட்டலத்தை
அவன் கைக்கு எட்டாத
ஜன்னல் விளிம்புக்கு நகர்த்துகிறாள்.